ஆறு வெள்ளைக் கல், ஒரு சிவப்புக் கல்

மண்ணைத் தடவியே ஒருவன் குடும்பம் நடத்திவிட முடியுமா என்று நாழிக்கரையில் யார் கேட்டாலும், முடியும், நம்ம பலவேசம் நடத்தவில்லையா என்று இரண்டு வருஷம் மார் தட்டிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். ஊரார் நம்பிச் சொன்னார்கள். நான் பொய் என்று தெரிந்தே சொன்னேன். என் பெயர் ஆவுடையப்ப பத்தர். சன்னதித் தெருவில் நாற்பது வருஷமாகத் தங்க வேலை செய்கிறேன். இந்தக் கதையில் துரோகி யார் என்று கடைசி வரை தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இதோ உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பலவேசம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். கையில் செம்புக் கம்பி இருந்தால் அவனுக்குச் சாப்பாடு வேண்டாம். ஒரு ஆடி மாதம் கரண்ட் இல்லாமல் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பிளாஸ்டிக் குழாயின் முனையில் தட்டு போல வளையம் செய்து, அதில் நூற்றுக்கணக்கான சுற்று கம்பி சுற்றி, பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைப் பொருத்தி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் கடற்கரைக்கு நடந்தான். எங்கள் ஊர்க் கடலில் வருஷம் முழுக்க வெளியூர் ஜனம் வந்து முங்கிக் குளிக்கும், கடலும் அவர்களிடமிருந்து மோதிரம், மெட்டி, கொலுசு, சில்லறை என்று கையில் கிடைத்ததைக் கழற்றிக்கொள்ளும். ஜல்லடை வைத்து மண் அரிக்கிற பெண்கள் பத்துப் பேர் அதை நம்பி ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருந்தார்கள். மிஷினோடு போன முதல் வாரமே பலவேசத்துக்கு அரைப் பவுனில் ஒரு செயின் கிடைத்தது. மறுநாளே கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, இனிமேல் இதுதான் தொழில் என்று அறிவித்துவிட்டான்.

அவன் மனைவி பட்டுக்கனி மத்தியானச் சோற்றைக் கடைக்குப் பதில் கடற்கரைக்குக் கொண்டு போனாள். அவள் அண்ணன் லிங்கத்துரை, தூத்துக்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், காரை எடுத்துக்கொண்டு வந்து தெருவே கேட்கச் சொன்னார்.

"ஊரான் தொலைச்சத நம்பி உலை வைக்கப் போறேருன்னா, நான் என்னத்தச் சொல்ல மாப்ள? ஒரு வருசம் பாக்கேன். அதுக்குள்ள அடுப்பு அணைஞ்சிதுன்னா எந்தங்கச்சிய கூட்டிட்டுப் போயிருவேன். நீரும் வந்து எங்கடையில ஆணி நிறுத்துப் போடலாம்."

"கரண்டு இல்லாத நாளு உண்டு மச்சான்," என்றான் பலவேசம். "நம்ம கடல்ல ஆளு குளிக்காத நாளு உண்டா?"

நல்ல பதில்தான். ஆனால் அந்தச் செயினுக்குப் பிறகு ஆறு மாதம் கடல் அவனுக்குச் சில்லறையும் சோடா மூடியும் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை. டீக்கடைக்காரன் அவனைப் பார்த்ததும் கடல் ஓனர் வாராரு என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவான், அவனும் சிரித்துக்கொண்டே உட்காருவான், அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவன் மூச்சு வாங்க என் பட்டறைக்குள் ஓடி வந்து, ஈர மண் ஒட்டிய ஒரு தோட்டை என் பலகை மேல் வைத்தான்.

"கடல் குடுத்துட்டு பத்தரே! இந்தா பாரும், ஏழுகல் தோடு!"

பார்த்தேன். ஆறு வெள்ளைக் கல், ஒரு சிவப்புக் கல். பட்டுக்கனியின் கல்யாணத்துக்குப் பதினைந்து பவுனுக்கு அத்தனை நகையும் செய்தவன் நான். நான் ஊதி ஒட்டிய பற்று எனக்குத் தெரியாதா? அதை விடுங்கள், தலைத் தீபாவளிக்கு இடது தோட்டில் ஒரு கல் விழுந்துவிட்டது என்று கொண்டு வந்தவன் இதே பலவேசம். அந்த அளவில் வெள்ளைக் கல் என்னிடம் இல்லை. அவனே என் டப்பாவைக் கிளறி ஒரு சிவப்புக் கல்லை எடுத்துக் கொடுத்து, இதையே வைங்க பத்தரே, தொலைஞ்சா அடையாளம் இருக்கும் என்று சொல்லி, நான் பதித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். இப்போது அந்தக் கல்லை விரலால் தடவி மண்ணைத் துடைத்துவிட்டு, எவளோ வெளியூர்க்காரி தொலைச்சிருக்கா பாவம் என்றான். வாய் வரை வந்ததை நான் விழுங்கினேன். ஆறு மாதம் கழித்து அவன் முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது, அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. பணத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் பட்டுக்கனி வந்தாள். இரண்டு காதிலும் கவரிங் தோடு.

"கொண்டாந்தாவளா பத்தரய்யா?"

"கொண்டாந்தான். என்ன கூத்தும்மா இது?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மத்தியானம் தூக்குச்சட்டியில் அவனுக்குச் சோறு கொண்டு போவாள், அவன் கட்டுமரத்து நிழலில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவான், அந்த நேரத்தில் கால் பெருவிரலால் குழி பறித்துத் தோட்டைப் போட்டு மூடியிருக்கிறாள்.

"கையில எடுத்த ஒடனே தெரிஞ்சிரும்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து நாலு ஏச்சு ஏசுவாவ, நானும் நாலு ஏச்சு ஏசுவேன், மறுநாளு கடையத் தொறந்துருவாவன்னு நெனச்சேன். ஆடிக்கிட்டு வாராவ பத்தரய்யா. எங்கையப் புடிச்சி ஆடுதாவ. அடுத்த மாசம் செயினப் போடுதேன். அதுக்காவது தெரியாதா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உருக்கிராதிய, எல்லாத்தையும் எடுத்து வைங்க, என்னைக்காவது நானே மீட்டுக்கிடுதேன் என்றாள். நான் உலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எங்கள் ஜாதித் தொழிலில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

செயினும் தெரியவில்லை. அதற்கடுத்து வந்த வளையல் தெரியவில்லை, நெளிமோதிரம் தெரியவில்லை, இரண்டாவது வளையல் தெரியவில்லை. மாதம் ஒன்றோ, ஒன்றரை மாதத்துக்கு ஒன்றோ கடல் கொடுத்தது, பலவேசம் அதை ஓடி ஓடி என்னிடம் கொண்டு வந்தான். மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடப்பது பித்தளையா தங்கமா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனுஷன், பக்கத்துத் தலையணையில் கிடந்த காதில் பித்தளை ஏறியிருப்பதைக் கவனிக்கவில்லை. அண்ணன் லிங்கத்துரை ஒரு வருஷம் கழித்து வந்து, அடுப்பு எரிவதைப் பார்த்து, மாப்பிள்ளைக்குச் சால்வை போர்த்திவிட்டுப் போனார். தெற்கே இரண்டு ஊரில் பையன்கள் இருந்த வேலையை விட்டுவிட்டு ஆன்லைனில் மிஷின் வாங்கினார்கள், அவர்களுக்குச் சோடா மூடிதான் கிடைத்தது. கை ராசி வேணும்லா என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் ஆமாம் போட்டேன்.

அந்த வருஷம் என் மகள் கோமதிக்கு வரன் அமைந்தது. நல்ல இடம். தங்கம் விற்ற விலைக்கு என் கையிருப்பு ஒரு மூக்குத்திக்குக்கூடக் காணாது, பெட்டிக்குள் பட்டுக்கனியின் நகை துணியில் சுற்றிக் கிடந்தது. பிறகு வாங்கி வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, குளித்து, திருநீறு பூசி, எந்த உலை மேல் சத்தியம் செய்தேனோ அதே உலையில் எல்லாவற்றையும் போட்டு உருக்கினேன். கோமதிக்கு ஆரமும் மாப்பிள்ளைக்கு மோதிரமும் ஆயிற்று. நெருப்பில் இறங்கி ஏறினால் தங்கத்துக்குப் பழைய ஞாபகம் எதுவும் இருக்காது என்று என் அப்பா சொல்லுவார். நான் அதை நம்பினேன், அல்லது அன்றைக்கு எனக்கு அதை நம்ப வேண்டியிருந்தது.

உருக்கி முடித்த மறு செவ்வாய்க்கிழமை, பலவேசத்தின் மிஷின் பேச ஆரம்பித்தது.

சத்தம் போடுகிற இடத்தில் அது பெயர் சொன்னது, அவ்வளவுதான். "செண்பகக்குழல், புளியங்குடி" என்றது. தோண்டினால் ஒரு மெட்டி. பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்படுகிற ஊர்களைச் சொல்லுமே, அந்த மாதிரிக் குரல், கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. ஒரு தரம் மிஷின் தொட்டுவிட்டால் பிறகு பொருளே கூப்பிடத் தொடங்கிவிடும், தொலைத்தவர் நேரில் வந்து நான்தான் என்று சொன்னால்தான் நிற்கும். மூன்றாம் நாள் அந்தப் புளியங்குடி அம்மாள் ஆள் விட்டு விசாரித்து வந்து, கையில் மெட்டியை வாங்கி, நான்தாம்மா என்று அதனிடம் சொன்னாள். அது வாயை மூடிக்கொண்டது.

ஊர் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. மைக் செட்காரர் சும்மா கிடந்த ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து மிஷினுக்கு மாட்டினார். டீக்கடையில் பெயர் கேட்க வருகிறவர்களுக்கென்று தனி பெஞ்சு போட்டார்கள். உரியவர் வராத பொருள்களைக் கடற்கரைப் புறக்காவல் நிலையத்தில் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்தார்கள், அவை பெட்டிக்குள்ளிருந்து கோழிக்குஞ்சுகள் மாதிரி ஓயாமல் பெயர் சொல்லிக்கொண்டிருக்க, அங்கிருந்த ஏட்டு முதலில் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார், பிறகு பெயர்கள் மனப்பாடமாகிவிடவே அவரே உட்கார்ந்து ஊர் ஊராகக் கார்டு எழுதிப் போட்டார். மண் அரிக்கிற பெண்கள்தான் பாவம், கையில் கிடைத்த மூக்குத்தி இன்னாருடையது என்று உரக்கத் தெரிந்த பிறகு அதை எப்படி மடியில் கட்டுவது என்று ஜல்லடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பூ கட்டப் போய்விட்டார்கள்.

பிறகு இன்னொரு கூட்டம் வர ஆரம்பித்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏட்டி, இந்தா, அவன் அம்மா, கீழ வீட்டுக்காரி என்றே கூப்பிடப்பட்டு, சொந்தப் பெயரை ரேஷன் கார்டில் மட்டும் வைத்திருந்த பெண்கள், பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகக் குளித்து, ஒரு ஊக்கையோ கொலுசு முத்தையோ வேண்டுமென்றே மண்ணில் நழுவவிட்டு, பலவேசம் அந்தப் பக்கம் வரும் வரை வெயிலில் காத்திருந்தார்கள். குழாயில் அவர்கள் பெயர் முழுதாக, ஊரோடு சேர்த்து ஒலித்ததும், உடனே பதில் சொல்லாமல், இன்னும் நாலு தரம் கூப்பிடட்டும் என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நானே பார்த்தேன்.

பட்டுக்கனியும் ஒரு நாள் அங்கே நின்றாள், ஆனால் எதையும் போடவில்லை. மிஷின் பேசத் தொடங்கிய அன்றே மண்ணில் புதைப்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

"மிஷினு சொல்லியா அவியளுக்குத் தெரியணும்? எம்பேரு எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும் பத்தரய்யா," என்று என்னிடம் சொன்னாள். பிறகு மெல்ல, "உருக்கலையே?"

"பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும்மா," என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன்.

இதில் ஓட்டாண்டி ஆனது பலவேசம். கண்டெடுத்ததெல்லாம் உரியவருக்குப் போனது, அவர்கள் கொடுத்த அஞ்சு பத்தும் தேங்காய் பழமும்தான் அவனுக்கு மிச்சம். மாதம் ஒருதரம் கொடுத்துக்கொண்டிருந்த தங்கத்தைக் கடல் அடியோடு நிறுத்திவிட்டது என்று அவன் மனம் உடைந்தான். பட்டறை வாசலில் உட்கார்ந்து, "நான் என்ன பத்தரே பாவம் செஞ்சேன்? இந்தக் கடலத்தான நம்பினேன். நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டே," என்று கண் கலங்கினான். நான் ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினேன். அவன் பாரத்தைக் கடல் மேல் இறக்கி வைத்தது எனக்கு வசதியாக இருந்தது.

கோமதி கல்யாணத்துக்குப் பலவேசத்தை அழைக்காமல் முடியாது. வந்தால் மிஷின் இல்லாமல் வா என்று ஜாடையாகச் சொல்லி வைத்தேன். புருஷனும் பெண்டாட்டியும் வெறுங்கையோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. தாலி கட்டியாயிற்று. ஆசீர்வாதம் நடந்துகொண்டிருக்கையில், மாப்பிள்ளையின் அத்தை காதைப் பிடித்துக்கொண்டு அலறினாள். வைரத்தோட்டின் திருகாணியைக் காணோம். மேடையில் ஜமுக்காளத்தை உதறினார்கள், பூக்குப்பையைக் கிளறினார்கள், கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், நம்ம பலவேசம் இருக்கும்போது என்ன கவலை என்றான். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மிஷின் வந்துவிட்டது, பலவேசத்தின் வீடு பின்தெருவில்தானே.

பலவேசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினான். தட்டைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டு போனவன், மணமக்கள் காலடியில் கிடந்த மாலையை நகர்த்துவதற்காக மிஷினைக் கொஞ்சம் தூக்கினான். அது கோமதியின் கழுத்துக்கு நேராக வந்தது.

"பட்டுக்கனி, நாழிக்கரை," என்றது மிஷின்.

உடனே ஆரமும் சொல்ல ஆரம்பித்தது. பட்டுக்கனி, நாழிக்கரை. பட்டுக்கனி, நாழிக்கரை. மாப்பிள்ளையின் மோதிரமும் சேர்ந்துகொண்டது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். என் மகள் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் செத்திருக்கலாம்.

பலவேசம் புரியாமல் சிரித்தான். "கோளாறு போல," என்றபடி மிஷினைத் தட்டினான். பிறகு கூட்டத்தில் எழுந்து நின்றிருந்த பட்டுக்கனியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப அவளைப் பார்த்தான். அது தப்பாகப் பெயர் சொன்னதே கிடையாது என்று அவனை விட யாருக்குத் தெரியும்?

பட்டுக்கனி முதலில் என்னிடம்தான் வந்தாள். "உலை மேல கை வச்சீயளே," என்றாள். நான் ஆரத்தைக் கழற்றித் தரச் சொல்லுகிறேன் என்றேன்.

"மணவறையில ஏறின பொருள எறக்காதிய. அந்தப் புள்ள என்ன செய்யும்?"

பிறகு மேடைக்குக் கீழே நின்று புருஷனிடம் சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள், தூக்குச்சட்டியை, கட்டுமரத்து நிழலை, கால் பெருவிரலை. சத்தம் போடவே இல்லை.

"மொதல்ல தோட்டத்தான் போட்டேன். ஆறு வெள்ளைக் கல்லு, ஒரு செவப்புக் கல்லு. தொலைஞ்சா அடையாளம் இருக்கும்னு சொன்னது யாரு? ஒவ்வொண்ணா போட்டேன். இதுக்காவது தெரியும், இதுக்காவது தெரியும்னு ஒவ்வொரு மாசமும் வாசல்ல நின்னேன். ரெண்டு வருசம் நீங்க வித்துத் தின்னது கடல இல்ல, என்னய."

பலவேசம் என் பக்கம் திரும்பினான். "நீரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா பத்தரே," என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதற்குள் கோமதி அழத் தொடங்கியிருந்தாள், சம்பந்தி வீட்டார் ஒதுங்கி நின்று பேச ஆரம்பித்திருந்தார்கள், ஆரமும் மோதிரமும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. பட்டுக்கனி மேடை ஏறினாள். என் மகளின் கையை விலக்கி, ஆரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, "நான்தான்," என்றாள். அது நின்றது. மாப்பிள்ளையின் மோதிரத்தைத் தொட்டு, "நான்தான்," என்றாள். அதுவும் நின்றது. நல்லா இரு தாயி என்று கோமதியின் தலையைத் தடவிவிட்டு இறங்கினாள். எனக்கு விழுந்த அடி அதுதான், இன்று வரை வலிக்கிறது.

பலவேசம் அவளுக்குக் குறுக்கே வந்து நின்றான். "அப்ப உங்காதுல கெடக்கது என்னது?" என்றான், ஏதோ அதையாவது தெரிந்துகொண்டால் போதும் என்பது போல. அவன் மிஷினைத் தூக்கி, அதைச் செய்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் காதருகே பிடித்தான். பித்தளைக்கு உரிய கரகரப்பு வரும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"பலவேசம், நாழிக்கரை," என்றது.

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள், ஒரு நாளும் சொல்லாதவள், அவள் காதிலிருந்து அந்தக் கவரிங் தோடு அவன் பெயரைச் சொன்னது. பலவேசம், நாழிக்கரை. பலவேசம், நாழிக்கரை. தொலைத்தவன் பெயரைத்தான் அது சொல்லும்.

பட்டுக்கனி செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். மண்டபத்து வாசலிலேயே தூத்துக்குடி பஸ் நின்றது, ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் காதிலிருந்து அவன் பெயர் தெரு வரைக்கும் கேட்டது. அவன் மிஷினைக் கீழே போட்டுவிட்டு ஓடி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்," என்றான். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவன் பஸ்ஸோடு ஓடிக்கொண்டே இன்னும் உரக்க, ஊரே கேட்க, "நான்தான், நான்தான்," என்றான்.

அது நிற்கவில்லை.